காப்புக் கட்டிய கையோடு ஓர் ஆகாயச் சுற்று

நான் ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் ஒரு சின்னக் கூட்டம் போட்டு வழியனுப்பினார்கள். வரைபடம் வரையும் இளைய டிராப்ட்ஸ்மேன்கள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளில் பாதி கேலிதான். "நாம ஒரு கோடு போட்டா, சார் அதுக்கு ஒம்பது பேச்சு பேசுவாருங்க" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஏனென்றால் அவன் சொன்னது முழு உண்மை. அடுத்தவர் வரைந்த தாள் என் கைக்கு வந்தால் எனக்கு வாய் நிற்காது. இது எதற்கு, அது எங்கே, அந்த நாளில் அங்கே என்ன நடக்கும், யாரைக் கேட்டாய் என்று பிடுங்கி எடுத்துவிடுவேன்.

ஆனால் இது என் பிறவிக் குணம் அல்ல. நாற்பது வயது தாண்டும்வரை நான் ஆபீசில் வாய் திறவாத ஆள். ஒரே ஒரு பிற்பகலில் மாறிப்போனேன். அந்தக் கதையை எழுதித் தரும்படி பையன்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விமானம் போகும் வழி பற்றிய தாள்கள் இப்போது அவர்கள் மேசைக்கும் வரத் தொடங்கிவிட்டனவாம். அந்த வேலையை முதலில் செய்து மாட்டிக்கொண்டவன் நான்தான்.

என் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் போகும் வழியில், கொச்சி ராஜ்யத்து எல்லைக்குள் இருக்கிறது. வேலை பார்த்தது பிரிட்டிஷ் மலபாரில், பாலக்காட்டில் ஒரு சர்வே ஆபீசில். பதினேழு வயதில் நிலம் அளக்கும் சங்கிலி இழுக்கச் சேர்ந்தேன். வெயிலில் சில வருஷம், மழையில் சில வருஷம். வட்டவடைப் பக்கம் எல்லை அளக்கப் போனபோது, நனைந்த தாள்களை ஒரு வீட்டு அடுப்பங்கரையில், பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டுக் காயவைத்தோம். அந்த வரைபடத்தை அலமாரியிலிருந்து எடுக்கும்போதெல்லாம் ஆபீஸ் முழுக்க ரசம் வைத்த வாசனை வரும். படிப்படியாக மேசைக்கு வந்து டிராப்ட்ஸ்மேன் ஆனேன்.

எங்கள் ஹெட் டிராப்ட்ஸ்மேன் விசுவநாதய்யர். கல்பாத்தியில் ஆற்றங்கரைத் தெருவில் வீடு. ஒல்லியான மனிதர், கோட்டுப் பையில் எப்போதும் மூன்று பென்சில். முப்பது வருஷத்தில் அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை, பாராட்டியும் கேட்டதில்லை. வரைபடத்தை மேசையில் விரித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, வடகிழக்கு மூலையிலிருந்து தொடங்கிப் பார்ப்பார். சந்தேகம் வந்த இடத்தில் மிக லேசாக ஒரு பென்சில் புள்ளி. அவ்வளவுதான், தாளை உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன தப்பு என்று சொல்லமாட்டார். நீங்களாகக் கண்டுபிடித்துத் திருத்தி, புள்ளியை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருமுறை ஒரு கோயில் குளத்தைத் தெருவுக்கு வலப்பக்கம் போட்டுவிட்டேன். அந்தப் புள்ளியைப் பார்த்துப் பார்த்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள்தான் குளம் இடம் மாறிக் கிடப்பது தெரிந்தது. அந்தப் புள்ளிகளுக்கு நாங்கள் பயந்ததில் பாதிகூட வெள்ளைக்காரத் துரைக்குப் பயந்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் ஊர்க்கவுண்டர் சின்னச்சாமிக் கவுண்டருக்கு ஆகாயத்தில் பறக்கும் ஆசை வந்தது. அவர் பருத்தி போடுகிற கோயம்புத்தூர் மில் முதலாளி ஒருவர் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் வாங்கியிருந்தார். முன்னால் ஒருவர், பின்னால் ஓட்டுகிறவர், மேலே கூரை கிடையாது. "பாலக்காட்டையும் மலையையும் ஒருதரம் சுற்றிப் பார்த்து வாருங்கள்" என்று கவுண்டருக்கு மூன்று நாள் இரவல் கொடுத்தார். ஓட்டுகிறவர் சாமுவேல், மூணாறில் மாட்டுப்பட்டிப் பக்கம் எஸ்டேட் ரைட்டர் ஒருவரின் மகன், சென்னையில் போய் விமானம் ஓட்டப் படித்தவர்.

ஆசைப்பட்டதும் பறந்துவிட முடியுமா? எங்கள் ஊர் கொச்சி, பாலக்காடு மலபார், திரும்பி வரும் வழியில் நெல்லியாம்பதிச் சரிவு மறுபடி கொச்சி, ஒவ்வொரு அரசிடமும் தனி அனுமதி வாங்க வேண்டும். மூணாறு வரை போகலாம் என்றுதான் முதலில் எண்ணம். திருவிதாங்கூருக்கும் எழுதினோம், பதில் வரவேயில்லை. மற்ற இரண்டு இடத்திலும் அனுமதி கிடைத்தது, நிபந்தனைகளோடு. பாலக்காட்டு சப் கலெக்டர் துரை, நகரத்தின் மேல் போகும் வழியைக் கோடு போட்டு வரைபடமாகக் கொடுத்தால்தான் கையெழுத்து என்றார். அந்த வேலை எங்கள் ஆபீசுக்கு வந்தது. கவுண்டர் ஊர்க்காரன் என்பதால் என் தலையில் விழுந்தது.

துரையின் நிபந்தனைகளைத் தாளில் குறித்துப் பார்த்தேன். கோட்டைக்குள் ஜெயில் இருக்கிறது, அதன் மேல் போகக்கூடாது. ஒலவக்கோடு ரயில் யார்டின் மேல் கூடாது. துரை வழக்கு விசாரிக்கும் கச்சேரி, ஆஸ்பத்திரி கூடாது. கோயில் கோபுரங்களின் மேல் கூடாது. இறைச்சிக் கடைகளுக்கு மேலே எந்நேரமும் பருந்துக் கூட்டம் வட்டமிடும், அங்கே சாமுவேலே வரமாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் மிஞ்சியது கல்பாத்தி ஆற்றை ஒட்டி ஒரு சின்னச் சந்து. ஆகாயத்தில்கூட ஒற்றையடிப் பாதைதான். கோட்டை மைதானத்தில் அவசரத்துக்கு இறங்கலாம், ஆனால் இறங்கினால் துரையின் எழுத்து உத்தரவு இல்லாமல் மறுபடி கிளம்பக்கூடாது.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. நகரத்துக்குள் நுழைய இறுதி உத்தரவை அன்றைய மத்தியானம்தான் தருவார். அதற்குள் விமானம் கிளம்பியிருக்குமே, ஆகாயத்தில் இருப்பவருக்கு எப்படிச் சொல்வது? அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கல்பாத்தி ஆற்றின் நடுவே பச்சைப் புல்திட்டு ஒன்று உண்டு. அதில் இரண்டு வேட்டிகளை நீளவாக்கில் தைத்து ஒற்றைக் கோடாக விரித்தால், உள்ளே வா. இரண்டு கோடாகக் குறுக்கே போட்டால், திரும்பிப் போ. சந்தேகம் வந்தால் மைதானத்தில் இறங்கிக் கேள். சாமுவேல் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். "நல்ல ரோசனைதான் அண்ணாச்சி. பச்சையில வெள்ளை எம்புட்டு தூரத்துல இருந்தும் தெரியும்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அனுமதிக் கடிதங்கள் இழுத்தடித்து, பறக்கும் நாள் மாசி மாதத்து வியாழக்கிழமையில் வந்து விழுந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் ஊரில் மாரியம்மன் நோன்புக்குக் கவுண்டர் காப்புக் கட்டிவிட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். காப்புக் கட்டியவர் நோன்பு முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. விமானத்துக்கோ மூன்று நாள்தான் தவணை. ஊர் கூடியது. ஆகாயத்தில் போனால் எல்லை தாண்டினதாகுமா ஆகாதா என்று ஒரு பொழுது முழுக்கப் பேசினார்கள். கடைசியில் பூசாரி தீர்ப்புச் சொன்னார்.

"எல்லைங்கறது மண்ணுலதானுங்க இருக்குது. காலு வேத்தூரு மண்ணுல படாம, அம்மனுக்கு வெளக்கு வெக்கறதுக்குள்ள எல்லைக்குள்ள வந்து எறங்கிப்போடோணும். காலு பட்டுதோ, நேரம் தப்புச்சோ, காப்பை அவுத்துப்போட்டு நோன்பை நிறுத்தறதுதான். அப்பறம் அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

போன வருஷம் ஊரில் அம்மை கண்டு இரண்டு குழந்தைகள் போய்விட்டன. அதனால் இந்த நோன்பு எங்களுக்கு வெறும் திருவிழா அல்ல. கவுண்டரை வேண்டாம் என்று தடுத்தவர்களும் உண்டு. அவர் என்னைப் பார்த்து, "ஏனுங்க பழனிச்சாமி, நீங்க போட்ட வழிதானுங்களே? அப்பறம் எனக்கென்ன பயம்?" என்றார். அந்த வார்த்தை இன்றும் என் காதில் இருக்கிறது.

ஊரின் மேற்குப் புறத்தில் எல்லைக்கல் ஒன்று உண்டு. அதை ஒட்டிக் கவுண்டரின் கடலைக்காடு, செடி பிடுங்கி வெறுமையாகக் கிடந்தது. விமானம் கிளம்புவதும் அங்கிருந்துதான். கிழக்கத்திக் காற்றுக்கு எதிர்முகமாக மேற்கிலிருந்து இறங்கினால், ஓடி வந்து கல்லைத் தாண்டி உள்ளே நிற்கும் என்று அளந்து குறித்தேன். காற்றின் திசை காட்ட அங்கே புகை போடுவதும் என் பொறுப்பு.

வரைபடத்தைச் சுத்தமாக வரைந்து புதன்கிழமை காலை விசுவநாதய்யர் மேசையில் வைத்தேன். மாலையில் திரும்பி வந்தது. தாள் முழுவதிலும் ஒரே ஒரு புள்ளி. கல்பாத்தி ஆற்றின் புல்திட்டின் மேல்.

ரயில் பாலத்திலிருந்து திட்டு எத்தனை தூரம் என்று மறுபடி கணக்கிட்டேன், சரி. திசையைப் பார்த்தேன், சரி. பழைய தாளை எடுத்து ஒப்பிட்டேன், எல்லாம் சரி. போய்க் கேட்டிருக்கலாம். கேட்கிற வழக்கம் இல்லை, சொல்கிற வழக்கம் அவருக்கும் இல்லை. அளவைச் சரிபார்க்கத்தான் புள்ளி வைத்தார், சரிபார்த்தாகிவிட்டது என்று எண்ணி, அதை ரப்பரால் அழித்துத் துரை பங்களாவுக்கு அனுப்பிவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் துரையிடமிருந்து உத்தரவு வந்தது. போகலாம். தைத்த வேட்டிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். படித்துறையில் இறங்கியதும் கால் அப்படியே நின்றுவிட்டது.

அன்று பெரிய முகூர்த்த நாள். ஆற்றங்கரைத் தெருவில் இரண்டு கல்யாணம். வெளியூரிலிருந்து வந்த அத்தனை விருந்தாளிகளும் காலையில் ஆற்றில் குளித்து, துவைத்த துணியை உலர்த்திவிட்டுப் பந்திக்குப் போயிருந்தார்கள். புல்திட்டில் பச்சையே இல்லை. வேட்டி, வேட்டி, எங்கே பார்த்தாலும் வேட்டி. நீளமாக, குறுக்காக, ஒன்றன்மேல் ஒன்றாக. உள்ளே வா என்று நாற்பது, திரும்பிப் போ என்று ஒரு முப்பது.

அள்ளி ஒதுக்கிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. அவை வேற்றுச் சாதியார் கை படக்கூடாத மடித் துணிகள். நான் தொட்டால் அத்தனையையும் மறுபடி நனைக்க வேண்டும், ஈரத் துணியோடு கல்யாண வீடே என்மேல் பாயும். காவலுக்கு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் கெஞ்சினேன். "ஆகாசக் கப்பல் வரதுன்னு மடித் துணியை எடுக்கச் சொல்றயே, கொள்ளாம், நன்னாயிருக்கு" என்று அவர் வெற்றிலையை மென்றார். இந்தத் தெருவுக்கு நான் எத்தனை வருஷமாக வந்து போகிறேன். முகூர்த்த நாள் என்று பஞ்சாங்கத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமும் ஆத்திரமும் வந்தன.

அதற்குள் கிழக்கே இரைச்சல் கேட்டது. விமானம் வந்துவிட்டது. என் வேட்டியைத் தலைக்குமேல் பிடித்து ஆட்டினேன். கரையில் கூடிவிட்ட ஜனம் முழுவதும் துண்டை எடுத்து ஆட்டத் தொடங்கிவிட்டது. சாமுவேல் மூன்று முறை வட்டமடித்தார். பிறகு மூக்கைத் திருப்பிக்கொண்டு கோட்டைப் பக்கம் இறங்கினார். சந்தேகம் வந்தால் மைதானத்தில் இறங்கிக் கேள் என்று எழுதிக்கொடுத்தவன் நான்தானே.

ஜட்கா வண்டி பிடித்து மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி ஊர் அங்கே இருந்தது. நடுவே விமானம். சாமுவேல் கீழே நின்று வியர்த்துக்கொண்டிருந்தார். "என்ன அண்ணாச்சி இது? ஒரு வேட்டின்னீங்க, ஊரு வேட்டியெல்லாம் அங்கனதானே கெடக்கு" என்றார். கவுண்டர் முன் இருக்கையில், மஞ்சள் காப்புக் கட்டிய கையை விளிம்பில் வைத்தபடி கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிரே மலையாளி போலீஸ் இன்ஸ்பெக்டர், வாக்குமூலம் எழுதக் கையில் நோட்டு.

"எறங்கணும். எறங்கி வந்து மொழி கொடுக்கணும்."

"நான் எறங்கமாட்டனுங்க. என்னைக் கேக்கறதை இங்கயே கேட்டுக்குங்க."

"இது சட்டமாணு."

"இது காப்புங்க."

நான் குறுக்கே புகுந்து, தப்பு என்னுடையது, அடையாளத்துக்கு இடம் குறித்தவன் நான் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் நோட்டை விமானத்துக்கே கொண்டுபோய்க் கவுண்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் கிளம்பவிடுவது அவர் கையில் இல்லை. துரையின் எழுத்து வேண்டும், துரை கச்சேரியில் வழக்கு விசாரணையில் இருக்கிறார், ஆறு மணிக்கு முன் எழுந்திருக்கமாட்டார்.

மணி இரண்டேமுக்கால். வெயில் தலையைப் பிளந்தது. யாரோ இரக்கப்பட்டுக் கவுண்டருக்கு இளநீர் சீவி நீட்டினார்கள். ஆசையாகப் பார்த்தார், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். இறங்க முடியாத மனிதர் ஏன் இளநீர் குடிக்கமாட்டார் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். கோபிப்பார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தி, "பழனிச்சாமி, எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஊருல கொழந்தைக இருக்குதுங்க. வெளக்கு வெக்கறதுக்குள்ள எப்படியாச்சும் பண்ணிப்போடுங்க" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு விசுவநாதய்யர் வந்தார். கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்திருக்கிறார், மார்பில் சந்தனம் காயவில்லை. விமானத்தைப் பார்த்தார், கவுண்டரின் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நடந்ததையும் பூசாரியின் தீர்ப்பையும் சொன்னேன்.

"கடலைக்காட்டிலே காத்துக்குப் புகை போட ஆள் இருக்கோ?" என்றார்.

"நான்தானுங்க போகோணும். அதுவும் என் திட்டந்தான்."

"அப்போ நீ கிளம்பு. இங்கே நிக்காதே. துரையை நான் பார்த்துக்கறேன்."

வாழ்க்கையில் அவர் என்னிடம் தொடர்ந்து பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அவரும் கச்சேரிக்குள் ஆறு மணிக்கு முன் நுழைய முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஆகாயத்தையே பார்த்துக்கொண்டு வந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது.

ஊரில் போய் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடலைக்காட்டில் ஊர் முழுக்க நின்றது. கோயிலில் பூசாரி திரி திரித்து வைத்துவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலில் நிற்கிறார் என்றார்கள். நான் வைக்கோலைப் பற்றவைத்துப் புகை போட்டேன். கிழக்கத்திக் காற்று அன்றைக்கென்று வெறி பிடித்ததுபோல் வீசியது. சூரியன் மலைவாயில் இறங்கி, சிவப்பு மட்டும் மிச்சம் இருந்தது.

அந்தச் சிவப்பில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. முதலில் பருந்து என்றுதான் நினைத்தேன். பிறகு சத்தம் கேட்டது.

சாமுவேல் புகையைப் பார்த்துக் காற்றுக்கு எதிரே இறங்கினார். சக்கரம் மண்ணைத் தொட்டது. ஆனால் நான் அளந்தது சாதாரணக் காற்றுக்கு. இந்தக் காற்று விமானத்தை நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. ஓட்டம் குறைந்து, குறைந்து, எல்லைக்கல்லுக்கு முப்பது முழம் வெளியே நின்றுவிட்டது. எஞ்சினும் அணைந்தது. மறுபடி கிளப்பிப் பார்த்தார், அது இருமிவிட்டு அடங்கியது.

கவுண்டர் இருக்கையில் இருந்தபடியே கல்லைப் பார்த்தார். பிறகு யார் முதலில் ஓடினார் என்று தெரியாது, கிணற்றுமேட்டிலிருந்து மாட்டுக் கவலையில் நீர் இறைக்கும் வடம் வந்தது. சக்கரத்து இரும்பில் கட்டினார்கள். "றெக்கையில கை வெக்காதீக, துணி கிழிஞ்சுரும்" என்று சாமுவேல் கத்தினார். ஆளுக்கொரு பக்கம் வடத்தைப் பிடித்தோம். பறையடிப்பவர் இழுப்புக்குத் தக்கபடி அடித்தார். தேர் இழுத்துப் பழகிய ஊர்தானே, விமானம் அசைந்தது, நகர்ந்தது, கல்லைத் தாண்டியது. கவுண்டர் இறங்கிக் குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்தார். கோயில் மணி அடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

கவுண்டர் கும்பிட்ட கையோடு ஒரே ஓட்டமாக வேலிக்கு அந்தப் பக்கம் போனார். அவர் திரும்பி வரும்வரை பறையும் பொறுமையாக நின்றது. வந்தவரிடம், என்ன பார்த்தீர்கள் என்று எல்லோரும் மொய்த்துக்கொண்டார்கள்.

"என்னத்தையப்பா பாக்கறது? நான் பாலக்காட்டைப் பாக்கப் போனேன். பாலக்காடு வந்து என்னைப் பாத்துட்டுப் போச்சு."

அந்த வருஷம் நோன்பு நிறைவாக நடந்தது. ஊரில் அம்மை வரவில்லை.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போகும்போது, வேலை போனாலும் போகட்டும் என்ற மனநிலையில்தான் போனேன். துரை பங்களாவிலிருந்து திரும்பி வந்த அந்த வரைபடம் என் மேசையில் இருந்தது. அழித்த இடத்தில் புள்ளி மறுபடி இருந்தது, இந்த முறை ரப்பருக்கு அழியாத மசியில். விசுவநாதய்யர் வழக்கத்துக்கு மாறாக என் பக்கத்தில் வந்து நின்றார்.

"துரை எப்படிங்க விட்டாரு?" என்று கேட்டேன். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது.

"கச்சேரிக்குள்ளே ஏறிப் போனேன். பியூன் தடுத்தான், நிக்கலை. தப்பு யாரோடதுன்னு துரை கேட்டார். என்னோடதாக்கும்னேன்."

"சார், இடம் குறிச்சது நானுங்க."

"நீ குறிச்சாய், உனக்குத் தெரியாது. கல்யாணம் என் தெருவிலே, எனக்குத் தெரியும். தெரிஞ்சிண்டு ஒரு புள்ளியை வச்சுட்டுப் போனேன். வாயைத் தொறந்து 'நாளைக்கு முகூர்த்தமாக்கும்'னு ஒரு வார்த்தை சொல்லலை. அதைத்தான் துரைகிட்டே எழுதிக் கொடுத்தேன். அஞ்சரை மணிக்கு எழுதினதைப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் சர்வீஸ் புஸ்தகத்திலே ஏறும். ஏறட்டும்."

அது ஏறியது என்பதைப் பின்னால் நானே பார்த்தேன். அதன் பிறகும் அவர் வரைபடங்களில் புள்ளி வைத்தார். ஆனால் வைத்ததும் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு, "பழனிச்சாமி, இங்கே வா" என்று கூப்பிடுவார். முப்பது வருஷம் பேசாமல் இருந்த மனிதருக்குப் பேச்சு எளிதாக வரவில்லை. தடுமாறித் தடுமாறித்தான் சொல்வார், நான் காத்திருந்து கேட்பேன். அவர் ஓய்வு பெற்ற அன்று அந்த மூன்று பென்சிலையும் என்னிடம் கொடுத்தார். நான் ஹெட் டிராப்ட்ஸ்மேன் ஆன பிறகு அவற்றால் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் பையன்கள் மேசைக்கே போய் உட்கார்ந்து, வாய் வலிக்கும்வரை பேசினேன்.